வீரர் என்கிறோம், விலை கேட்பதில்லை

பத்திரிகையில் வாசகர் எவரும் நின்று படிக்காத பக்கம் ஒன்றுண்டு. அரச நிறுவனங்களின் விலைமனுக் கோரல் அறிவித்தல்கள் வெளியாகும் பக்கம் அது. முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் பக்கத்தோடு நெருங்கிய பழக்கம் உண்டு. இரவில் பக்கம் கட்டும் வேளையில், பாடுபட்டு எழுதிய செய்தியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்பவை பெரும்பாலும் இவ்வறிவித்தல்கள்தாம். பத்திரிகைக்குப் பணம் தருபவை அவை. ஆதலால் ஆசிரியர் முதல் அச்சுக்கோப்பவர் வரை எவரும் முணுமுணுப்பதில்லை.

ஆனால் ஓர் ஊரின் பொருளாதாரத்தை அறிய விரும்புபவர், தலைப்புச் செய்திகளை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்பது எனது கருத்து. கண்டியையே எடுத்துக்கொள்வோம். இந்நகரில் மிகப் பெரிய வாடிக்கையாளர் யார்? தலதா மாளிகைக்கு வரும் சுற்றுலாப் பயணியும் அல்லர், கொழும்பு வீதியில் புடைவை எடுக்க வரும் கிராமத்தவரும் அல்லர். அரசாங்கம்தான். தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, அதன் அருகே சிறுவர் வைத்தியசாலை, பேராதனைப் பல்கலைக்கழகம், மாகாண சபைக் காரியாலயங்கள், மாநகர சபை, பிரதேச செயலகங்கள், நூற்றுக்கணக்கான பாடசாலைகள். இவற்றுக்கெல்லாம் கட்டில் விரிப்பு வேண்டும். நோயாளர் உணவு வேண்டும். கதிரை, மேசை, வாங்கு வேண்டும். கோப்பு உறை, தும்புத்தடி, கால்மிதி வேண்டும். எசல பெரஹரா வந்துவிட்டால் தற்காலிகக் கழிப்பறை முதல் மூங்கில் தடுப்பு வரை வேண்டும். ஆண்டு முழுவதும் அரசு வாங்கிக்கொண்டே இருக்கிறது.

யாரிடம் வாங்குகிறது என்பதுதான் கேள்வி. இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியவர் திகனைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தச்சுத் தொழில் செய்யும் ஒரு முன்னாள் இராணுவச் சிப்பாய். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வடக்கில் ஒரு மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மருத்துவக் காரணத்தால் இராணுவத்தை விட்டு விலகி ஊருக்கு வந்து, தகப்பனாரின் தச்சுப் பட்டறையை எடுத்து நடத்துகிறார். ஒரு மரம் அரியும் இயந்திரம், ஒரு சீவுளி இயந்திரம், கிராமத்துப் பையன்கள் இருவர். இதுவே அவரது ஸ்தாபனம். நான் போனது வேறொரு செய்திக்காக. ஆனால் பட்டறையில் அடுக்கி வைத்திருந்த பாடசாலைக் கதிரைகளைக் கண்டதும், "பாடசாலைக்குச் சாமான் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "கொடுக்கிறேன் மாத்தயா. ஆனால் பில் என் பெயரில் இல்லை" என்றார் சிங்களத்தில்.

கதை இதுதான். ஓர் அரச காரியாலயம் உடைந்த மேசை, கதிரைகளைத் திருத்துவதற்கு விலைமனுக் கோரியிருந்தது. அவரும் விண்ணப்பத்தை வாங்கினார். வங்கிப் பிணைமுறி கேட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளுக்கான கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கை, இதே போன்ற வேலையை முன்னர் செய்து முடித்ததற்கான சான்று ஆகியனவும் கேட்டிருந்தார்கள். பிணைமுறி தருவதற்கு வங்கி, காணி உறுதி கேட்டது. காணியோ தகப்பனார் பெயரில், சகோதரர் ஐவர். கணக்கறிக்கைக்குக் கணக்காளர் கேட்ட கூலி, அந்த வேலையில் கிடைக்கக்கூடிய இலாபத்தில் பாதி. எல்லாவற்றையும் ஒருவாறு சமாளித்துக்கொண்டு கடைசி நாளன்று விலைமனுவைப் போடப் போனால், பெட்டி இரண்டாம் மாடியில். மின்தூக்கி இல்லை. செயற்கைக் காலோடு படியேறிப் போட்டுவிட்டு வந்தார். பிணைமுறியின் செல்லுபடிக் காலம் சில நாட்கள் குறைவு என்று அவரது விலைமனு நிராகரிக்கப்பட்டது.

பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. வேலையைப் பெற்ற ஒப்பந்தகாரருக்குப் பட்டறை இல்லை. அவர் இவரைத் தேடி வந்து, தாம் பெற்ற விலையில் பாதிக்கு வேலையைக் கொடுத்தார். வேலை செய்தவர் இவர். பில்லில் பெயர் இன்னொருவருடையது. அடுத்த முறை விலைமனுவில் "முன் அனுபவம்" என்ற கட்டத்தில் எழுதுவதற்குச் சான்று இருப்பதும் அந்த இன்னொருவரிடம்தான்.

"மே மாதம் வந்தால் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்துகிறார்கள். மாலை போடுகிறார்கள். நல்லது. ஆனால் ஒரு கதிரைக்கு என்ன விலை என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை" என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. மரத்தூளைத் தட்டிக்கொண்டே, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது போன்ற தொனியில் சொன்னார்.

இலங்கை அரசு தன் படைவீரர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ரணவிரு சேவா அதிகார சபை 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. போரில் அங்கவீனமுற்ற படையினர், பொலிஸார், அவர்களைச் சார்ந்தோர் ஆகியோரின் நலன் பேணுவது அதன் பணி. ராகமையில் மறுவாழ்வு இல்லம் உண்டு. 2011 இல் அநுராதபுரத்தில் அபிமன்சல என்ற நலன்புரி இல்லம் திறக்கப்பட்டது. யக்கலையில் இராணுவம் நடத்தும் ரணவிரு ஆடைத் தொழிற்சாலை, அங்கவீனமுற்றோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வேலை தரும் நோக்கில் ஏற்பட்டது. அங்கே படையினரின் சீருடைகள் தைக்கப்படுகின்றன. ஓய்வூதியம் பற்றிய பிரச்சினையும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுச் சேவையை முடிக்குமுன் காயமுற்று விலகியவர்கள் தமக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று 2017 இல் கொழும்புக் கோட்டையில் நாட்கணக்காக வீதியில் இருந்ததைச் செய்தியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். அரசு கொடுக்கிறது. ஓய்வூதியம், வீடு, சலுகை அட்டை, சக்கர நாற்காலி, தொழிற்பயிற்சி எல்லாம் கொடுக்கிறது. ஆனால் அவரிடமிருந்து வாங்குவதில்லை. யக்கலைத் தொழிற்சாலையில்கூட வாங்குவதும் விற்பதும் இராணுவமே. தன் பெயரில் ஒரு கடையையோ பட்டறையையோ நடத்தும் அங்கவீனர், அரசின் கண்ணுக்குப் பயனாளியாகவே தெரிகிறார், வியாபாரியாகத் தெரிவதில்லை.

நமது சட்டம் இயற்றப்பட்ட அதே 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஒரு சட்டம் இயற்றியது. சேவையின்போது அங்கவீனமுற்ற முன்னாள் படைவீரர்கள் நடத்தும் சிறு வியாபாரங்களுக்கு, மத்திய அரசின் ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 3 வீதம் போய்ச்சேர வேண்டும் என்று அச்சட்டம் இலக்கு வைத்தது. அந்நாட்டு மத்திய அரசு அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 700 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை வழங்கி வருகிறது. அதில் 3 வீதம் என்பது சாமானியத் தொகையன்று.

எழுதியவுடன் நடந்துவிட்டதா? இல்லை. இலக்கு எழுதப்பட்டதே தவிர, அதை அடைவதற்கான கருவி அதிகாரிகளின் கையில் கொடுக்கப்படவில்லை. 2003 இல் இன்னொரு சட்டம் வந்தது. குறித்த சில ஒப்பந்தங்களை இவ்வியாபாரங்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவும், சில நிபந்தனைகளோடு போட்டியின்றி நேரடியாகவே கொடுக்கவும் அச்சட்டம் அனுமதித்தது. அதன் பின்னரும் அந்த 3 வீதத்தை முதன்முதலாக எட்டியது 2012 நிதியாண்டில்தான். பதின்மூன்று ஆண்டுகள்! வாஷிங்டனிலும் கச்சேரிகள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடையில் திருட்டும் நடந்தது. ஐம்பத்தொரு வீதத்துக்குக் குறையாத உரிமையும் நிர்வாகக் கட்டுப்பாடும் அங்கவீனமுற்ற படைவீரரிடம் இருக்கவேண்டும் என்பது விதி. பெயருக்கு ஒரு படைவீரரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இருந்து பெரும் முதலாளிகள் ஒப்பந்தங்களை விழுங்கினார்கள். 2009 இல் அந்நாட்டு அரச பொறுப்புடைமை அலுவலகம் பத்து நிறுவனங்களை எடுத்து ஆராய்ந்தபோது, மோசடியாலும் முறைகேட்டாலும் அவை பெற்ற ஒப்பந்தங்கள் சுமார் 100 மில்லியன் டொலர் எனத் தெரியவந்தது. நான் தகுதியுள்ளவன் என்று வியாபாரியே தனக்குச் சான்று கொடுத்துக்கொள்ள இடமளித்ததன் பலன் அது. 2023 ஜனவரி முதல் சான்றளிக்கும் பொறுப்பைச் சிறு வியாபார நிர்வாகம் என்ற அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலக்கு 3 இலிருந்து 5 வீதமாக உயர்த்தப்பட்டது.

இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிடவேண்டும். கிங்டம்வெயார் டெக்னொலஜீஸ் என்பது அங்கவீனமுற்ற ஒரு முன்னாள் படைவீரரின் சிறு நிறுவனம். படைவீரர் நலன் பேணும் திணைக்களமே தன் கொள்வனவில் இவ்வியாபாரங்களுக்கு முதலிடம் தராமல் வேறிடத்தில் வாங்குகிறது என்று அது வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2016 ஜூனில் நீதியரசர்கள் ஒருமனதாக அந்நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தகுதியுள்ள படைவீரர் நிறுவனங்கள் இரண்டேனும் நியாயமான விலையில் போட்டியிடக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், அத்திணைக்களம் ஒப்பந்தத்தை அவர்களுக்கே ஒதுக்கவேண்டும். அது அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட விடயமன்று என்பது தீர்ப்பின் சாரம். சலுகை என்பது யாசகம். உரிமை என்பது வழக்காடக்கூடியது. திகனைத் தச்சருக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

பிரித்தானியரின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்துக்கொண்டு பர்மா யுத்தத்தை நடத்திய அதே ஆண்டில், இலண்டனில் அங்கவீனர் தொழில் சட்டம் நிறைவேறியது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் 3 வீதம் அங்கவீனர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மின்தூக்கி இயக்குவது, வாகனத் தரிப்பிடம் காப்பது ஆகிய இரு வேலைகள் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. யுத்தத்தில் வென்று திரும்பியவருக்கு மின்தூக்கி வாசல்! அதே சட்டத்தின் வழியாக ரெம்ப்ளோய் என்ற நிறுவனமும் பிறந்தது. அதன் முதல் தொழிற்சாலை 1946 இல் வேல்ஸில் பிரிட்ஜெண்ட் நகரில் திறக்கப்பட்டது. அரசின் கொள்வனவை நம்பிப் பல தொழிற்சாலைகள் பல்லாண்டுகள் இயங்கின. கடைசித் தொழிற்சாலைகள் 2013 இல் மூடப்பட்டன. அரசே முதலாளி, அரசே வாடிக்கையாளர் என்றிருந்தால், அரசின் மனம் மாறும் நாளில் தொழிலாளி தெருவில் நிற்கவேண்டியதுதான். யக்கலையைப் பற்றி யோசிப்பவர்கள் இதையும் யோசிப்பது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி கண்டது. அதன் 2014 ஆம் ஆண்டுக் கொள்வனவு நெறிமுறை, ஊழியரில் 30 வீதத்துக்குக் குறையாதோர் அங்கவீனராகவோ பின்தங்கியோராகவோ உள்ள நிறுவனங்களுக்கென்று ஒப்பந்தங்களை ஒதுக்கிவைக்க உறுப்பு நாடுகளை அனுமதிக்கிறது. அங்கே படைவீரர், குடிமகன் என்ற பேதம் இல்லை. இந்தியாவில் நிலக்கரி ஏற்றிப் பறிக்கும் போக்குவரத்து வேலையை முன்னாள் படையினரின் கம்பனிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 2012 ஆம் ஆண்டின் கொள்வனவு ஆணை சிறு நிறுவனங்களுக்கு 20 வீதம் ஒதுக்கியது. 2018 இல் அது 25 வீதமாகி, அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 வீதம் என்று எழுதப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு 3 வீதம் உண்டு என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். பொது நிர்வாக அமைச்சின் 27/88 இலக்கச் சுற்றுநிருபம், அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தைத் தகுதியுள்ள அங்கவீனருக்கு வழங்கவேண்டும் என்கிறது. 1988 இல் வந்தது. அது வேலையைப் பற்றியது, கொள்வனவைப் பற்றியதன்று. பின்னர் 1996 இல் அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2016 இல் அங்கவீனர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதி செய்தோம். உத்தியோகம் கேட்கும் அங்கவீனரைப் பற்றி நம்மவர் சிந்தித்திருக்கிறார்கள். உத்தியோகம் வேண்டாம், நான் செய்யும் பொருளை வாங்குங்கள் என்று சொல்லும் அங்கவீனரைப் பற்றிச் சிந்திக்கவில்லை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏதேனும் ஒருவகை இயலாமையுடையோர் இந்நாட்டில் சுமார் 16 இலட்சம். இவர்கள் எல்லோருக்கும் அரச உத்தியோகம் கொடுப்பது எந்த அரசாலும் முடியாத காரியம்.

இவ்விடத்தில் வாசகர் சிலர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதை அறிவேன். தமிழ்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் ஏன் சிங்களச் சிப்பாய்க்காக வக்காலத்து வாங்குகிறான்? எங்கள் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் கிளிநொச்சிக்குப் போயிருந்தபோது அங்கவீனர் சிலரைச் சந்தித்தேன். அவர்களுள் ஒரு பெண்மணி 2009 இல் எறிகணை வீச்சில் வலது காலை இழந்தவர். கணவரும் இல்லை. இரண்டு பிள்ளைகள். தையல் வேலை செய்கிறார். அவரது குடிசையின் முன்புறத்தில் மூன்று தையல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. பெரிய தையற்கடை போலிருக்கிறதே என்று எண்ணினேன்.

"இது ஒண்டு தொண்டு நிறுவனம் தந்தது அண்ணா. இது வாழ்வாதார உதவி எண்டு அரசாங்கம் தந்தது. இது தேர்தல் நேரம் வந்தது" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "மூண்டு மெஷின் இருக்குது. தைக்கிறதுக்கு ஓடர்தான் இல்லை."

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கும் பொருளாதாரத்தை எந்த நிபுணரின் அறிக்கையிலும் நான் படித்ததில்லை. அந்தக் குடிசையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பாடசாலை உண்டு. ஒரு வைத்தியசாலை உண்டு. வைத்தியசாலைக்குக் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் வேண்டும். அவை லொறியில் எங்கிருந்தோ வருகின்றன.

திகனைத் தச்சரும் கிளிநொச்சித் தையற்காரியும் ஒருவரையொருவர் அறியார். சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது. ஒருவரைச் சட்டம் வீரர் என்கிறது. மற்றவரைப் பாதிக்கப்பட்டவர் என்கிறது. புனர்வாழ்வு பெற்று வெளியேறிய முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் கையும் காலும் கண்ணும் இழந்தவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதிலேயே இந்நாடு இன்னும் தடுமாறுகிறது. ஆனால் அரச காரியாலயத்தின் மாடிப்படியில் நிற்கும்போது இவர்கள் மூவரும் ஒரே ஆள்தான். பிணைமுறி இல்லை, கணக்கறிக்கை இல்லை, ஏறுவதற்குக் கால் இல்லை.

ஆகவே நான் வேண்டுவது சீருடைக்கான ஒதுக்கீடு அன்று. அமெரிக்கா தன் படைவீரருக்குச் செய்ததை அப்படியே இங்கு பெயர்த்து வந்தால், வெற்றி பெற்ற பக்கத்துக்கு இன்னொரு மாலையாகவே அது முடியும். உள்நாட்டுப் போர் நடந்த மண்ணில் அளவுகோல் அங்கவீனமாக இருக்கவேண்டும். எந்தப் பக்கத்தில் நின்று காயப்பட்டார் என்பதாக இருக்கக்கூடாது. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தபோது காயமுற்றவர் பக்தர். பெருந்தோட்டத்தில் தேயிலை ஆலை இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர் தொழிலாளி. இவர்களும் அந்த வரிசையில் நிற்கட்டும். படைவீரர் அதனால் எதையும் இழக்கப் போவதில்லை. அவரது ஓய்வூதியமும் வீடும் அவருக்குரியவை. கதிரைக்கு விலை கேட்பது தனி விடயம்.

மறுப்புகள் உண்டு. முதலாவது, விலை. அங்கவீனரிடம் வாங்கினால் பொதுப்பணம் கூடுதலாகச் செலவாகும் என்பார்கள். திகனை அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே அரசு செலுத்தியது முழு விலை. வேலை செய்தவர் பெற்றது பாதி. இடையில் நின்றவரின் பங்கை எடுத்துவிட்டால் அரசுக்கும் மிச்சம், தச்சருக்கும் இலாபம். இரண்டாவது, தரம். கோணலான கதிரையை எவரும் ஏற்கவேண்டியதில்லை, திருப்பி அனுப்பலாம். வியாபாரியாக மதிப்பதென்றால் திருப்பி அனுப்பும் உரிமையும் அதில் அடங்கும். மூன்றாவது, பினாமி. இது உண்மையான ஆபத்து. அமெரிக்காவிலேயே நடந்தது, இங்கே நடவாதா? நடக்கும். ஆனால் அங்கு தகுதியை அறிவதற்குப் பெரிய அமைப்பு வேண்டும். இங்கோ, ஒரு பட்டறை யாருடையது, அதில் மரம் அரிபவர் யார் என்பதைக் கிராம உத்தியோகத்தர் ஒரு நாட் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஊர் சிறியதாக இருப்பதில் உள்ள நன்மை இது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிறிய கொள்வனவுகளுக்கு அரச நிறுவனங்கள் பத்திரிகை அறிவித்தல் மூலம் பகிரங்க விலைமனு கோருவதில்லை. ஆண்டுதோறும் வழங்குநர்களைப் பதிவு செய்து, அப்பட்டியலில் உள்ள சிலரிடம் விலை கேட்டு வாங்குகின்றன. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்களுக்குத்தான் 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். தும்புத்தடியும் கோப்பு உறையும் வாங்குவது அந்த அளவுக்குப் போவதேயில்லை. ஆதலால் ஒரு பிரதேச செயலாளரோ ஒரு வைத்தியசாலைப் பணிப்பாளரோ மனம் வைத்தால் இந்த ஆண்டே செய்யக்கூடியவை சில உண்டு.

வழங்குநர் பட்டியலில் அங்கவீனர் நடத்தும் வியாபாரங்களை அவர்களாகவே தேடிப் பதிவு செய்யலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயர்கள் இருக்கின்றன. விலை கேட்கும் ஒவ்வொரு முறையும் பட்டியலிலிருந்து அத்தகைய ஒருவரையேனும் கேட்கலாம். சிறு தொகைகளுக்கு வங்கிப் பிணைமுறிக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட உறுதிமொழியை ஏற்கலாம். பெரிய விலைமனுவைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்துக் கோரலாம். இரண்டாயிரம் கதிரையைத் திருத்த முடியாதவர் இருநூறு கதிரையைத் திருத்துவார். விலைமனுப் பெட்டியைக் கீழ்மாடிக்குக் கொண்டுவரலாம். இதற்கு அமைச்சரவை அங்கீகாரம் தேவையில்லை, இரண்டு பேர் தூக்கினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலானது பணத்தை நேரத்துக்குக் கொடுப்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரசிடம் பணம் கிடைக்காமல் பெரிய கட்டட ஒப்பந்தகாரர்களே நொடித்துப் போனார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்துக் கொடுக்கும் கிராமத்துப் பெண்கள், தங்கள் பணத்தில் அரிசி வாங்கிச் சமைத்துவிட்டுக் காசோலைக்குக் காத்திருக்கும் கதையை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். சிறியவரிடம் வாங்கிவிட்டு ஆறு மாதம் பணம் கொடாமல் இருப்பது, வாங்காமல் இருப்பதைவிடக் கொடியது. முப்பது நாளில் பணம் என்ற உறுதி இல்லையேல் ஒதுக்கீடு என்ற பேச்சே வேண்டாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இராணுவத்தின் ஆளணி 2024 இல் 135,000 ஆகவும், 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்பது அது. சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்புவோர் தொகை இனிக் கூடும். அவர்களுள் பலர் முச்சக்கர வண்டியோ பட்டறையோ கடையோ வைத்துப் பிழைக்க முயல்வார்கள். இன்னொரு புறம், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மண் சரிந்த இடங்களில் பாதைக்கும் பாடசாலைக்கும் வீட்டுக்கும் அரசு செலவிடவேண்டிய பணம் கொஞ்சநஞ்சமன்று. அப்பணம் இங்குள்ள கைகள் வழியாகப் போகுமா, அல்லது வெளியூர் ஒப்பந்தகாரரின் வங்கிக் கணக்கு வழியாகப் போய்ப் பாதியாகக் குறைந்து இங்கு திரும்பி வருமா என்பது இவ்வாண்டுகளில் தீர்மானிக்கப்படும் விடயம்.

தேசியப் பெறுகை ஆணைக்குழு வகுத்த புதிய வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. பெறுகைக்கென்று தனிச் சட்டம் ஒன்று கொண்டுவருவது பற்றியும் பேசப்படுகிறது. சட்டவரைவு மேசையில் இருக்கும் காலத்தில்தான் இத்தகைய ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கமுடியும். அங்கவீனர் அமைப்புகளும், முன்னாள் படையினர் சங்கங்களும், வடக்குக் கிழக்கில் இயங்கும் வலுவிழந்தோர் அமைப்புகளும் ஒரே மகஜரில் கையெழுத்திட்டுக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு இருக்கும் பலம் தனி. வேறெந்த விடயத்திலும் இவர்கள் மூவரும் ஒரே தாளில் கையெழுத்திடப் போவதில்லை. இதில் இடலாம். கேட்பது மானியமன்று, விலைதானே.

நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எவரேனும் இதை எடுத்துப் பேசுவார்களாயின், அந்தச் செய்தியை உட்பக்கத்தில் போடாமல் முதற்பக்கத்தில் போடும்படி நானே ஆசிரியபீடத்தில் வாதாடுவேன்.